துணியில் வந்த பல்லியும் துடைத்துவிட்ட கறையும்

பிள்ளைகள் வரைவதைத் துணியில் அச்சடித்துச் சட்டை தைக்கும் இந்தத் தொழிலில், ஊசி குத்தி நான் அலறியதைவிடத் துணியைப் பிரித்துப் பார்த்து அலறியதுதான் அதிகம். பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

புந்தோங்கில் என் தையல் கடை முன்னறையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் வந்து வரைவார்கள். படத்தைக் கணினியில் ஏற்றி அச்சுக்கடைக்கு அனுப்புவேன். மீட்டர் கணக்கில் துணியாக வரும். பிறகு கத்தரியும் மிஷினும் என் பாடு. தீபாவளிக்குக் குடும்பமே ஒரே துணியில் உடுத்தும் ‘செடொண்டொன்’ பைத்தியம் நம் ஆட்களையும் பிடித்ததிலிருந்து எனக்கு ஓய்வில்லை.

பிள்ளைகளுக்கு நான் கொடுத்திருக்கும் வாக்கு ஒன்றே ஒன்று: வரைந்ததில் ஒரு கோட்டைக்கூட அழிக்க மாட்டேன். அதை நம்பித்தான் வருகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஐந்து மீட்டர் பல்லி

ஒரு பையன் பூந்தோட்டம் வரைந்தான். மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பல்லி. ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். அச்சு இயந்திரம் அதே படத்தை அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஐந்து மீட்டரையும் மேசையில் உதறி விரித்தபோது தூக்கிவாரிப் போட்டது. பூ இருக்கும் இடமெல்லாம் பல்லி.

பையனின் அம்மா தைத்து முடித்த ஜிப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவரில் தொங்கிய நாள்காட்டியிடம் போய், பல்லி விழும் பலன் போட்டிருக்கும் பக்கத்தை விரலால் தேடினார்.

“தோள்ல விழுந்தா வெற்றின்னு போட்டிருக்கு அக்கா. முதுகுல பன்னெண்டு விழுந்தா என்னான்னு போடலையே லா!”

உட்காரும் இடத்தில் அம்மா

ஐந்து வயது வாண்டு ஒன்று அம்மாவின் முகத்தைப் பெரிதாக வரைந்தது. வெட்டும்போது மூக்கு பாதியாகிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். முன்பக்கம் அருமை. தைத்து முடித்த காற்சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். சரியாக உட்காரும் இடத்தில் அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

மாற்றித் தைக்கத் துணியில்லை. அதற்குள் அந்த அம்மாவே வந்துவிட்டார். மகனுக்குச் சிலுவாரை மாட்டி, குனியச் சொல்லிப் பார்த்தார்.

“வீட்டுல நாள் முழுக்க என் தலமேலதான் உக்காந்திருக்கான், சிலுவார்லயும் அதேதானாக்கா?”

தேத்தண்ணிக் கறை

யாழினிக்கு ஆறு வயது. வீடு, அம்மா, தம்பி, பூனை எல்லாம் வரைந்திருந்தாள். வீட்டுக்குக் கீழே நீளமாக ஒரு பழுப்புத் திட்டு. பக்கத்தில் என் தேத்தண்ணிக் குவளை இருந்தது. கொட்டிவிட்டது போல என்று நினைத்து, கணினியில் துடைத்துவிட்டேன். கோட்டைத்தானே அழிக்க மாட்டேன் என்றேன், கறையை இல்லையே!

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது அளவு பார்க்க அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பாவுக்குக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அவர் புதுச் சட்டையைப் போட்டதும் யாழினி அதில் மேலிருந்து கீழ்வரை தேடினாள்.

“ஆன்ட்டி, அப்பா எங்க?”

“நீ அப்பாவ வரையவே இல்லையேம்மா.”

“வரைஞ்சேன்! வீட்டுக்குக் கீழ, போர்வய போத்திக்கிட்டுத் தூங்குனாரு. அழிக்க மாட்டேன்னு சொன்னீங்கல்ல?”

ஒரு பிள்ளையின் அப்பாவையே துடைத்துப் போட்டிருக்கிறேன்! யாழினியின் அப்பா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மகளுக்குத் தெரிந்த அப்பா ஒரு போர்வைதான் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

மறுபடி அச்சடிக்க நாளில்லை. துணிச்சாயத்தையும் தூரிகையையும் அவளிடமே கொடுத்தேன். அவர் சட்டையைக் கழற்றி, வீட்டார் உடுப்புகளோடு மேசையில் விரித்துவிட்டு, பழைய பனியனோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இந்தத் தடவ அப்பா முழிச்சிருக்கற மாதிரி வரைம்மா,” என்றார்.

பத்து நிமிடத்தில் மிஷின் சத்தத்தையும் மீறிக் குறட்டை. யாழினி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பழுப்பு நிறத்தைத் தொட்டு, நான்கு பேர் உடுப்பிலும் வீட்டுக்குக் கீழே அதே நீளத் திட்டைப் போட்டாள்.

“இதான் என் அப்பா. தொடச்சிடாதீங்க ஆன்ட்டி.”

அன்றிலிருந்து தாளில் தேத்தண்ணி நிஜமாகவே கொட்டினாலும் அப்படியே அச்சுக்குப் போகிறது. யாராவது கேட்டால், அது யாரோ ஒரு பிள்ளையின் அப்பா என்று சொல்லிவிடுகிறேன்.