பாகலூர்க்காரியின் சாட்சி

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தபோது, கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இயேசுவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். பாகலூரில் ஏறும் ஒரு பெண் மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“அக்கா, உங்க சாமி பேச்சு எனக்கு வேணாம். வேற ஏதாச்சும் பேசுங்க.”

என் முகம் சுண்டிப்போனது. அதன்பிறகு அவளிடம் சமையலும் சீரியலும்தான் பேசினேன்.

ஒருநாள் பிரஸ் மெஷினில் அவளுடைய வலது கை சிக்கிக்கொண்டது. லாரி ஓட்டும் அவள் கணவர் லோடோடு வடக்கே போயிருந்தார். ஷிப்ட் முடிந்ததும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய், அவளுக்குத் தலைவாரிச் சோறு ஊட்டினேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கும். வேண்டாம் என்றவளிடம், அதுவும் படுக்கையில் கிடக்கும்போது, சொல்ல மனம் ஒப்பவில்லை.

கட்டுப் பிரித்த அன்று அவளே கேட்டாள்.

“ஏன்க்கா, இத்தன நாள் வந்தீங்க, உங்க சாமியப் பத்தி ஒரு வார்த்த சொல்லலியே? இப்ப சொல்லுங்க, கேக்கறேன்.”

அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அவள் மொழியில் சொன்னால் மனதில் பதியும் என்று, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பாவமன்னிப்புக்கு நான் போட்ட சொல்லைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திருத்தினாள்.

பல மாதம் யோசித்து, கணவரிடமும் பேசிவிட்டுத்தான் சபைக்கு வந்தாள். ஈஸ்டர் ஆராதனையில், தான் இயேசுவை ஏற்றுக்கொண்ட கதையைத் தெலுங்கில் சாட்சியாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். முடித்ததும் மெஷினில் சிக்கிய அந்தக் கையையே உயர்த்தி, “அல்லேலூயா!” என்றாள். அதைத் தமிழாக்கத் தேவையில்லை. நானும் அவளோடு சேர்ந்து கத்தியதில் மைக் கீச்சிட்டது.