அவருடைய இரத்தத்தைப் பற்றி நாங்கள் கதைத்தவை

கொரோனாக் காலத்தில் ஏதோ ஆய்வுக்கென்று ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்துத் தமிழிலேயே கேள்விகள் கேட்டது. இந்த நாட்டு அரசாங்கத்தை நம்புகிறீர்களா, உங்கள் சனத்தை நம்புகிறீர்களா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு இலக்கம் சொல்லுங்கள் அம்மா என்றது. இரண்டுக்கும் ஐந்து என்றேன். முன்பின் தெரியாதவர்களோடு எனக்குக் கதைக்க வராது. கெதியாக முடியட்டும் என்று சொன்ன பொய் அது. தொலைபேசியை வைத்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது. சனம் ஒரு நோய் வருத்தத்துக்குப் பயந்து திரிந்த இன்னொரு காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்பதும் எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் இருந்தோம். இலங்கையிலிருந்து அகதியாக வந்த எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். கணவரோடு சேர்ந்தே வந்த பெண் நான் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள். ஒரு வருடத்துக்கு மேலாகியும் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் எங்கள் குசினிக்கு வருவார்கள். அவர்களில் மன்னார்க்காரர் ஒருவர் எல்லோருக்கும் முடி வெட்டுவார். கதிரையை நடுவில் போட்டு, நிலத்தில் பழைய பேப்பர் விரித்து, கடைசியில் பிடரியைச் சவர அலகால் வழித்து விடுவார்.

"அண்ணை, ஊரிலை இந்த வேலை செய்திருந்தியள் எண்டால் எங்கடை படலைக்குள்ளை விட்டிருக்கமாட்டம்" என்று பகிடி விடுகிறவர்களும் அவருக்கு முன்னால் குனிந்துகொண்டுதான் இருக்கும்.

"கதைச்சது காணும், குனியும். காது போயிடும்" என்பார் அவர்.

அந்த மாரியில் அவர் மெலியத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். ஒரு பகல், என் கணவர் வேலைக்குப் போயிருந்த நேரம், கதவடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, வயித்திலை அல்சராம். உறைப்பைக் குறைக்கட்டாம். ஞாயிற்றுக்கிழமையிலை எனக்கு மட்டும் கொஞ்சம் கஞ்சி வைக்கேலுமே?"

ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் காட்டினார். ஓமண்ணை என்றேன். கணவருக்கு நான் இதைச் சொல்லவில்லை. கணவர் இல்லாத நேரம் ஒரு ஆண் வந்து கதவடியில் நின்று கதைத்துவிட்டுப் போனார் என்று எப்படிச் சொல்வது?

அப்போது தொலைக்காட்சியைப் போட்டால் எயிட்ஸ். எங்கள் ஆட்களுக்குப் பாதி விளங்கும், மீதியைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். மன்னார்க்காரருக்கு மொழி பெயர்க்கவென்று ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவர்தான் கதையைக் கொண்டுவந்தார்.

"ரெண்டாந்தரமும் ரத்தம் எடுத்தவங்கள். என்னை வெளியிலை நிக்கச் சொல்லிப்போட்டாங்கள்."

"அப்ப உந்த வருத்தம்தான்."

"ஆளைப் பாக்கத் தெரியேல்லையே? கழுத்தைப் பார், கொக்கு மாதிரி."

என் கணவர்தான் மிச்சத்தைச் சொன்னார்.

"இஞ்ச விசாக் கந்தோரிலை எல்லாம் சட்டப்படிதான். எங்கடை நாடு மாதிரிச் சும்மா மறிக்கமாட்டாங்கள். ஆற்றையோ ரத்தத்திலை பிழை கண்டிருக்கிறாங்கள். அதுதான் தமிழ்ச் சனத்தின்ரை கடுதாசி முழுக்க நிக்குது."

"ஓமண்ணை, அதுதான் சரி."

அவர்களுடைய முகங்கள் தெளிந்ததை நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். ஒரு வருடமாகத் தேடிய காரணம் கையில் கிடைத்துவிட்டது. டெனிஷ்காரன் பிழை விடமாட்டான். ஆகவே பிழை எங்களில் ஒருவன். இரத்தம் சோதிக்கும் இடமும் விண்ணப்பம் பார்க்கும் இடமும் வேறு வேறு என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அவருக்கு என்ன வருத்தம் என்பது எனக்குத் தெரியும். கஞ்சிக்கு அரிசி ஊறப் போட்டவள் நான்.

அடுத்த ஞாயிறு அவர் கத்தரிக்கோலோடு வந்தார்.

"ஆர் முதல்?"

"நான் வளர்க்கிறன் அண்ணை, ஒரு நேர்த்தி."

"எனக்குத் தடிமன் அண்ணை."

காதை மூடி முடி கிடந்த ஒரு பொடியன், "எனக்கு ஒரு டெனிஷ்காரி வெட்டிவிட்டவள்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் கணவர் எனக்குக் கண்ணால் காட்டினார். மற்றவர்களுக்குக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தேன். அவருக்குக் கழுவி வைத்திருந்த ஜாம் போத்தலில் கொடுத்தேன். எறிவதற்கு வசதி. அவர் போத்தலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"தங்கச்சி, எனக்கு என்ன வருத்தமெண்டு உமக்குத் தெரியும். இவையளுக்கு ஒருக்காச் சொல்லும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் கணவர்.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார். போத்தலை என் கணவர் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சவுக்காரத்தால் இரண்டு தரம் கழுவினார்.

ஒரு மாதம் கழித்துக் கடை வாசலில் மன்னார்க்காரர் என்னை மறித்தார். இன்னும் மெலிந்திருந்தார்.

"எனக்கு அந்த வருத்தமெண்டு ஆரோ மன்னாருக்கு எழுதிப்போட்டாங்கள் தங்கச்சி. மனுசியின்ரை அண்ணைமார் விசா வந்தாலும் அனுப்பமாட்டினமாம். நான் எழுதினால் நம்பீனமில்லை. நீர் ஒரு நாலு வரி எழுதும். பொம்பிளை எழுதினால் அவ நம்புவா."

விலாசம் எழுதிய துண்டைத் தந்தார். வாங்கினேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு நாலு வரி எழுத வரும். கணவருக்குப் பயம், ஊர்க் கதைக்குப் பயம். ஒரு ஆணின் வயிற்று வருத்தத்தைப் பற்றி நான் எழுதினால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கம். எழுதவில்லை. வெட்கம் என்றால் நல்ல குணம் என்று எங்களைப் படிப்பித்திருந்தார்கள். அப்படி இல்லை. அது அழுக்கு.

பிறகு உண்மை பத்திரிகைகளில் வந்தது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை, மந்திரி சொன்னபடி, பார்க்காமலே ஒதுக்கி வைத்திருந்தார்களாம். ஒருவருடைய இரத்தமும் காரணமில்லை. அந்த ஞாயிறு குசினியில் பெரிய ஆரவாரம்.

"பாத்தியளே கள்ளரை! நான் அப்பவே நினைச்சனான்" என்றார் என் கணவர்.

மற்றவர்களும் அப்போதே நினைத்தவர்களாம். மன்னார்க்காரரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் ஹோர்சன்ஸ் என்ற ஊருக்குப் போய் அதற்குள் பல மாதங்கள். கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அந்த வாய்களைப் பார்த்தேன். அரசாங்கத்தின் மேல் வந்ததைவிட எனக்கு அவர்கள் மேல்தான் அருவருப்பு வந்தது. ஊற்றிக் கொடுத்த கையும் என்னுடையதுதான்.

அடுத்த நாள் கணவர் வேலைக்குப் போன பிறகு அவர் தந்த மன்னார் விலாசத்துக்கு எழுதினேன். அல்சர்தான், கடிதத்தை நானே பார்த்தேன், அவர் நல்ல மனிதர் என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டு அனுப்பினேன். அவருடைய மனைவியிடமிருந்து பதில் வரச் சில மாதங்கள் எடுத்தது.

"அக்கா, உங்கடை கடிதத்தை அண்ணைமாருக்கு வாசிச்சுக் காட்டினனான். முந்தியே வந்திருந்தால் நம்பியிருப்பினம். இப்ப, அவர்தான் ஆரையோ பிடிச்சு எழுதுவிச்சவர் எண்டு சொல்லுகினம். எனக்கும் தெரியேல்லை. நீங்கள் உண்மையிலை ஒரு பொம்பிளைதானோ?"

அதை எப்படி நிரூபிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவேயில்லை.