ஒளியிரசாயனத்தை விட்ட வருடம்

நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவைக் குளவிகள் கொட்டின. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். நான் கம்பஸில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தேன். இறுதி வருட ஆய்வுக்கு ஒளியிரசாயனமா, மின்னிரசாயனமா என்று சொல்ல வேண்டிய நேரம் அது.

கருமாதி முடிந்த மறுநாள் வகுப்புத் தோழி போனில் பேசினாள்.

"நீ எத எடுக்கிறேன்னு சேர் கேக்கிறாரு. ஒளியிரசாயனம்னே சொல்லிடவா? நீ அதத்தானே சொல்லிக்கிட்டிருந்த."

"பொறகு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா என் படிப்பைப் பற்றி அதுவரை எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டார். "ரெண்டும் என்னா புள்ள?"

தெரிந்தவரை சொன்னேன். ஒளியிரசாயனத்தில் மூலக்கூறின் மேல் வெளிச்சம் விழும். மூலக்கூறு இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரம் கிளர்ந்து நின்று, உடையும், அல்லது பழையபடியே ஆகிவிடும். இடையில் நடப்பதைக் கணக்குப் போட்டுத்தான் ஊகிக்க வேண்டும். நிறையக் கணிதம் வேண்டும். மின்னிரசாயனத்தில் கரைசலுக்குள் மின்வாயை, அதாவது மின்சாரம் பாயும் முனையை, வைத்து, மின்னழுத்தத்தை நாமே கூட்டலாம், குறைக்கலாம். விளைவு உடனே திரையில் கோடாக வரும். தொடங்குவது சுலபம். மின்வாயில் துளி அழுக்கிருந்தாலும் எல்லாம் தப்பாகும்.

"எதுல பாதியில நிப்பாட்டலாம்?"

"கரண்டுல நிப்பாட்டலாம். வெளிச்சம் பட்டிருச்சின்னா ஒண்ணும் செய்ய முடியாதுப்பா."

அவர் எழுந்தார். உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். தேயிலைத் தூளை அம்மா எங்கே வைத்திருந்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மின்னிரசாயனம் என்று தோழிக்கு மெசேஜ் அனுப்பினேன்.

அந்த வருடம் பாதி வேலை மின்வாய் தேய்ப்பதுதான். ஈரத் துணியில் அலுமினாத் தூளைப் போட்டு, எட்டுப் போட்டாற்போலத் தேய்க்க வேண்டும். கழுவிவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அலுத்தது. எனக்கு அலுப்புக்கூட வரவில்லை. ஒருநாள் திரையில் கோடு ஒழுங்காக வந்தது. "நல்லா வந்திருக்கு" என்றார் சேர். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

ஒளியிரசாயனத்தை எடுத்த தோழி, திரைச்சீலை போட்ட அறைக்குள் என்னைக் கூட்டிப்போனாள். விளக்கின் முன்னால் கரைசல் மெல்ல வெளுத்தது.

"அழகா இருக்கில்ல?"

"ஆமா" என்றேன். நிறம் போனது தெரிந்தது, அவ்வளவுதான்.

இப்போது ராகலைப் பக்கம் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். மின்னிரசாயனப் பாடம் முடிந்த அன்று மாணவி ஒருத்தி கேட்டாள். "விரும்பித்தான் இத எடுத்தீங்களா டீச்சர்?"

"இல்ல" என்றேன். "ஆனா இப்ப இது நல்லாத் தெரியும்."