கழிவு போக எடை

என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் சக்கரம் தாங்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டதெல்லாம் அவர்தான்.

அவருக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை, வீடு தென்காசியில். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, நல்ல சாப்பாடு, சர்க்கரை ஏறிவிட்டது. அவருடைய அண்ணனுக்கு அதே சர்க்கரையில் ஒரு காலை எடுத்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோனவள் நான். அதனால் டாக்டர் இவரிடம் உடம்பைக் குறைக்கச் சொன்னபோது அவரைவிட எனக்குத்தான் பயம்.

நடந்தால் முட்டு வலித்தது. யோகா வகுப்பில் இரண்டாம் நாளே குறட்டை விட்டார். கடைசியில் ஒத்துவந்தது சைக்கிள்தான். மலைப்பாதைக்கென்று தடித்த டயரோடு வருமே, அது ஒன்றைப் பழசாக வாங்கினார். காலையில் இலஞ்சி வழியாகக் குற்றாலம் போய்த் திரும்புவார். ஒரு நாள்கூட நான் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. வியர்த்து வழிந்து வந்து நிற்கும்போது அந்த முகத்தில் ஒரு தெளிச்சி. சாமி, இது நிலைக்கணும் என்று வேண்டிக்கொள்வேன்.

நிலைக்கவில்லை. பின்சக்கரத்தில் கம்பி ஒடிந்தது. மாற்றினார், அடுத்த கம்பி ஒடிந்தது. வழியில் எவனோ, "அண்ணாச்சி, லாரி டயரு மாட்டுங்க" என்றானாம். தள்ளிக்கொண்டே வீடு வந்தவர், மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

"கம்பிதான போச்சு? காலா போச்சு?" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு நானே அவரைச் சைக்கிள் கடைக்கு இழுத்துப் போனேன்.

கடைக்காரர் விதவிதமாக எடுத்து வைத்தார். ஆன்லைனில் வருகிற அழகான சக்கரம் ஒன்று இருந்தது. கம்பி கொஞ்சம்தான், ஒன்று ஒடிந்தாலும் இங்கே அதே அளவு கிடைக்காது. வெளிநாட்டுச் சக்கரம் சைக்கிளின் விலையைத் தாண்டியது. ரிம், ஹப், கம்பி என்று தனித்தனியாக எடுத்து இங்கேயே கோர்ப்பதுதான் கைக்கு அடக்கம் என்றார். எத்தனை கம்பி, எவ்வளவு கனம் என்பது ஓட்டுகிறவரைப் பொறுத்ததாம்.

"எத்தனை கிலோ இருப்பிய அண்ணாச்சி?"

இவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "எம்பத்தஞ்சு" என்றார்.

அந்தக் கணக்குக்கு ஒரு சக்கரம் வந்தது. சாரல் மழை தொடங்கிய பிறகு ஒரு நாள், ஐந்தருவி ரோட்டில் தண்ணீர் நின்ற பள்ளம் ஒன்றில் இறங்கியதும் ரிம் கோணிவிட்டது. அன்றைக்கு ஆட்டோவில் வந்து இறங்கியவர், சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளி, பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையாக வந்தது. கோபமும் வந்தது. சக்கரத்தைக் கழற்ற வைத்து, நான் மட்டும் ஆட்டோவில் ஏறிக் கடைக்குச் சண்டைக்குப் போனேன்.

கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எம்பத்தஞ்சு கிலோவுக்கு இது இப்படிப் போவாதே அக்கா" என்றார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அது என்ன எம்பத்தஞ்சு?"

"கழிவு போகச் சொன்னேன்."

எலுமிச்சைக் கடையில் மூட்டையை நிறுத்தால் சாக்குக்கும் அழுகலுக்கும் இவ்வளவு என்று கழித்துத்தான் எடை சொல்வார்கள். அந்த வழக்கத்தில் இந்த மனுஷன் தன்னையும் கழித்திருக்கிறார்.

"எதுக்குக் கழிவு?"

"துணி இருக்கு, செருப்பு இருக்கு. காலையில தின்னது இருக்கு."

"அப்படி எத்தன இட்லிய தின்னிய?"

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் புளியங்குடியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு நேராக அவருடைய கடைக்கு நடந்தேன். ஏலம் முடிந்து ஆளெல்லாம் போய், அவர் மட்டும் இருந்தார். தராசுத் தட்டைக் காட்டி, ஏறச் சொன்னேன். செருப்பைக் கழற்றப் போனார்.

"போட்டுக்கிட்டே ஏறுங்க. என் பையையும் பிடிங்க. சைக்கிள்ல போவும்போது தண்ணி, பையி எல்லாந்தான சேந்து போவுது?"

ஏறினார். நூற்றுப் பன்னிரண்டு.

சைக்கிள் கடைக்குப் போன் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். தட்டில் நின்றபடியே அவரே எடையைச் சொன்னார். கடைக்காரர் புதுசாகக் கணக்குப் போட்டார். பிறகு, உள்ளே இரட்டைச் சுவர் உள்ள ரிம், முப்பத்தாறு கம்பி, அதுவும் தடித்த கம்பி என்று முடிவாயிற்று. சக்கரம் கனமாக இருக்கும், வேகம் வராது, ஆனால் பள்ளத்தில் விழுந்தாலும் எழுந்துகொள்ளும் என்றார் கடைக்காரர். விலையும் முன்னதைவிட ஒன்றும் பிரமாதமாகக் கூடவில்லை.

போனை வாங்கி வைத்துவிட்டு இவரிடம் ஆரம்பித்தேன். "இத முதல்லயே சொல்லுததுக்கு என்ன? அவன்கிட்ட என்ன வெக்கம்? பொண்ணு குடுக்கவா கேட்டான்?"

இவர் இறங்காமல் அப்படியே நின்றார்.

"அவன்கிட்ட எனக்கு என்னட்டி வெக்கம். நீ பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்த."

"நின்னா?"

"ராத்திரி எந்திச்சு எந்திச்சு என் பாதத்தத் தொட்டுப் பாக்குத. சூடு இருக்கா, புண்ணு இருக்கான்னு தடவுத. இந்த எடையையும் நீ கேட்டுட்டா அப்புறம் எங்க தூங்குவ?"

அவர் அசந்து தூங்குகிறார் என்றுதான் இத்தனை நாளும் நான் நினைத்திருந்தேன்.