தைக்காத துணி

இஹ்ராம் துணியில் தையல் இருக்கக்கூடாது என்பதை மதரசாவிலேயே மனப்பாடம் செய்தவன் நான். அது ஒருநாள் என் தலையில் வந்து விடியும் என்று நினைக்கவில்லை. மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிற ஆணுக்கு இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி, தோளில் ஒரு வெள்ளைத் துணி, அவ்வளவுதான். சட்டை கிடையாது, பெனியன் கிடையாது. கஃபாவைச் சுற்றும்போது மேல்துணியை வலது கக்கத்துக்குக் கீழாக எடுத்து இடது தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். வலது தோள் திறந்திருக்க வேண்டும். எனக்குத் தோளில் ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்கு நாலு விரல் கீழேதான் பிரச்சினை.

பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெண்களுக்கு இருப்பதுபோல மார்பு இருந்தது. பதின்மூன்று வயதில் தொடங்கியது. போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் கைக்குழந்தை. வளர்ந்ததெல்லாம் தில்லையடிக்குப் பக்கத்தில் ஓர் அகதி முகாமில்தான். முகாமுக்கு ஒரே கிணறு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்களின் முறை. பெரியவர்களும் பிள்ளைகளும் இடுப்பில் சாரத்தோடு மட்டும் வரிசையாக நின்று வாளியால் அள்ளி ஊற்றுவார்கள். நான் மட்டும் பெனியனோடு குளிப்பேன். கேட்டால் சளி என்பேன். வருடம் முழுக்கச் சளி பிடித்துத் திரிந்த பிள்ளை அந்த முகாமில் நான் ஒருவன்தான்.

பிறகு உப்பளத்தில் வேலை கிடைத்தது. பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைப் பார்ப்பது என் பொறுப்பு. அங்கே ஆண்கள் எல்லோரும் மேலுடம்பில் ஒன்றுமில்லாமல்தான் வேலை செய்வார்கள். வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். நான் இறுக்கமான பெனியன் இரண்டு, அதற்குமேல் சட்டை. எனக்கு ‘துரை’ என்று பட்டம் வைத்தார்கள். சட்டை கழற்றாத துரை. நானும் சிரித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது.

போர் முடிந்ததும் எங்கள் சனம் கூட்டம் கூட்டமாக மன்னாருக்குப் போய்க் காணிகளைப் பார்த்து வந்தது. உம்மாவும் போனார். எங்கள் வீடு இருந்த இடத்தில் காட்டுமரம் நின்றதாகச் சொன்னார். அழவில்லை. காணியைப் பார்த்தாயிற்று, இனி கண்மூடி மௌத்தாவதற்கு முன் கஃபாவைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். வாப்பா இல்லை. நான் ஒரே மகன். வயதான பெண்களைக் குழுவாகவே அழைத்துப் போகிறோம், மகன் வரத்தான் வேண்டும் என்றில்லை என்று பயண முகவர் சொல்லிப் பார்த்தார். உம்மா கேட்கவில்லை. மஹ்ரமான ஆண்துணை இல்லாமல் அந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார்.

நான் தள்ளிப் போட்டேன். முதல் வருடம் உப்பு விளைகிற காலம், விடுமுறை இல்லை என்றேன். அடுத்த வருடம் கூரை வேலை. அதற்கடுத்த வருடம் மனைவிக்குப் பிள்ளைப்பேறு. அதற்கும் அடுத்த வருடம் சொன்ன காரணம் எனக்கே நினைவில்லை, அவ்வளவு நொண்டிச் சாக்கு. உம்மா ஒவ்வொரு முறையும் சரி மகன் என்றார். ஒவ்வொரு வருடமும் அவருடைய முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. கட்டிலிலிருந்து எழும்பச் சுவரைப் பிடிக்கத் தொடங்கினார். அதைப் பார்க்கிற நேரமெல்லாம் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வரும். ஆத்திரத்தில் மனைவியிடம் எரிந்து விழுவேன்.

கடைசியில் மனைவிதான் சிலாபத்தில் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரிடம் சனல் பண்ணி நேரம் எடுத்தாள். அவர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எழுதினார். மறுமுறை போனபோது, ஆபத்தாக ஒன்றுமில்லை, ஆண்கள் பலருக்கும் இருப்பதுதான் என்று சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னார். என்னுடையது கொழுப்பு இல்லையாம், சுரப்பித் தசையாம். ஓடினாலும் பட்டினி கிடந்தாலும் கரையாதாம். நான் ஓடியும் இருந்தேன், பட்டினியும் கிடந்திருந்தேன். இதை ஒருவர் பத்து வருடத்துக்கு முன்பு சொல்லியிருந்தால் எத்தனை இடியப்பம் சாப்பிட்டிருப்பேன்.

நோகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் என்ன தொந்தரவு என்றார். இஹ்ராமைப் பற்றி அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சரி, காம்பின் ஓரமாகக் கீறித் தசையை எடுத்துவிடலாம் என்றார். சில கிழமை இறுக்கமான உடுப்புப் போட வேண்டும். உணர்ச்சி குறையலாம், இரத்தம் தேங்கலாம், இரண்டு பக்கமும் ஒரே அளவாக வராமலும் போகலாம். செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, முடிவு உங்களுடையது என்று முடித்தார். வைத்தியர் என்றால் குளிசையைத் தந்து இதைக் குடி என்று சொல்பவர் என்றே நான் வளர்ந்தவன். முடிவை என் கையில் தந்து அனுப்புவார் என்று எதிர்பார்க்கவில்லை.

அது வரைக்கும் செய், செய் என்றிருந்த மனைவி, மயக்க மருந்து கொடுப்பார்கள் என்றதும் பின்வாங்கினாள். மயங்கி எழும்பாமல் போன ஒருவரைப் பற்றி அவளுடைய மாமி சொன்ன கதை ஒன்று இருந்தது. ‘நான் ஒங்கட நெஞ்சப் பாத்தா கலியாணம் முடிச்சன்’ என்றாள். அது ஆறுதலா, குத்தலா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, உங்களுக்கு விருப்பமென்றால் செய்யுங்களேன் என்றாள். எனக்கு விருப்பமா என்பதுதான் எனக்கே தெரியாதது.

மார்க்கம் என்ன சொல்கிறதென்றாவது கேட்போம் என்று பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். எனக்கென்று கேட்க வாய் வரவில்லை. கூட்டாளி ஒருவனுக்கு என்றேன். உடம்பில் உள்ள குறையை நீக்குவது கூடும், அல்லாஹ்வின் படைப்பை அழகுக்காக மாற்றுவது கூடாது என்று தெளிவாகச் சொன்னார். தெளிவு அவருக்கு. என்னுடையது குறையா, இல்லையா? குறையென்றால் வைத்தியர் ஏன் இது ஆண்களுக்கு இருப்பதுதான் என்கிறார்? குறையில்லையென்றால் நான் ஏன் பத்து வருடத்துக்கு மேலாகப் பெனியனுக்குள் ஒளிந்துகொள்கிறேன்?

வேறு வழி ஒன்றையும் கேட்டுப் பார்த்தேன். கூட்டாளி இஹ்ராமுக்குள் இறுக்கமான பெனியன் போட்டால் என்னவாகும்? தக்க காரணம் இருந்தால் போடலாம், அதற்கு ஆடு அறுத்தோ ஏழைகளுக்கு உணவளித்தோ நோன்பு பிடித்தோ பரிகாரம் செய்ய வேண்டும். காரணமில்லாமல் போட்டால் பரிகாரமும் உண்டு, பாவமும் உண்டு என்றார். கூட்டாளிக்கு என்ன காரணம் என்று கேட்டார். வெட்கம் ஒரு காரணமா என்று கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது தோல் வருத்தம். அடுத்த நாள் அவர் ஒரு குப்பி எண்ணெய் தந்து, உங்கள் கூட்டாளிக்குக் கொடுங்கள், நல்லாய்க் கேட்கும் என்றார். அந்த எண்ணெயை இன்றும் வைத்திருக்கிறேன். மௌலவி கூட்டாளியைப் பற்றி விசாரிக்கும்போதெல்லாம் இப்போது கொஞ்சம் சுகம் என்பேன்.

வருகிறது வரட்டும் என்று சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்தேன். அதே கிழமை உம்மா அலுமாரியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துக் காட்டினார். கடவுச்சீட்டுக்கு எடுத்த படம். எனக்குச் சொல்லாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு முச்சக்கரவண்டியில் போய் எடுத்திருக்கிறார். நோன்புக்கு முன் போகிற குழுவில் இடம் இருக்கிறதாம். அந்தப் பயணமும் என் சத்திரசிகிச்சையும் இரண்டு கிழமைக்குள் வந்தன. வெட்டிய புண்ணோடு அந்தச் சனநெருக்கடியில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. வெட்டாமல் போனால் வெட்டாமல்தான் போக வேண்டும். ஒரு கிழமை முழுக்க இதையே மாற்றி மாற்றி நினைத்தேன். இயந்திரத்துக்கு எண்ணெய் விட மறந்து ஒன்றை எரித்தும்விட்டேன். பிறகு சிலாபத்துக்குத் தொலைபேசி எடுத்துத் திகதியைத் தள்ளிப் போட்டேன். தைரியத்தில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் படத்தில் உம்மா முந்தானையை அத்தனை நேர்த்தியாக இழுத்து விட்டிருந்தார். இல்லை என்று சொல்ல முடியவில்லை.

போவதற்கு முன் பள்ளிவாசலில் பயிற்சி வகுப்பு. ஆண்கள் சட்டைக்கு மேலேயே இஹ்ராமைக் கட்டிப் பழகினோம். மேல்துணி சரியாமல் இருக்க ஊசி குத்தலாமா என்று கேட்டேன். குத்தாமல் இருப்பதே பேணுதலான வழி என்றார் மௌலவி. எல்லோரும் மூன்று சந்தேகம் கேட்டால் நான் மூன்றையும் ஊசியைப் பற்றியே கேட்டேன்.

மக்காவில் ஹரம் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது என் இடது கை துணியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையில் உம்மா. ஓத வேண்டிய துஆப் புத்தகத்தைப் பிடிக்கக் கை இல்லை. முதல் சுற்றில் கூட்டம் நெருக்கியது. தன் மற்றக் கையிலிருந்த ஊன்றுகோல் யாரிலாவது பட்டுவிடும் என்று பயந்த உம்மா, என் கையை விட்டுவிட்டு மேல்துணியின் தொங்கலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவர் ஒவ்வொரு அடி பின்தங்கும்போதும் துணி இழுபட்டது. நான் இழுத்தேன். அவர் இழுத்தார். மூன்றாவது சுற்றில் பெரிய கூட்டமொன்று குறுக்கே வந்தது. துணி தோளைவிட்டு நழுவியது. நான் பதறி வெடுக்கென்று முழுவதையும் பறித்து நெஞ்சில் சுற்றிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் உம்மா இல்லை. எங்கும் வெள்ளையும் கறுப்பும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெரியாது. ஒரு துண்டுத் துணிக்காக என் தாயைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைத்தபடி கூட்டத்துக்கு எதிராக முட்டிக்கொண்டு போனேன். உம்மா ஒரு தூணோரம் ஊன்றுகோலைக் கட்டிப்பிடித்து நின்றார். மற்றக் கை வெறுமையாக இன்னும் நீட்டியபடியே இருந்தது. நான் தொங்கலை எடுத்து அந்தக் கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டேன். மிச்சச் சுற்றுகளில் துணி தோளில் நின்றதைவிட உம்மாவின் கையில் நின்றதுதான் அதிகம். நெஞ்சு முழுவதும் திறந்து கிடந்தது. யாரும் பார்த்தார்களா என்று தெரியாது. நான் உம்மாவைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

அதோடு வெட்கம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தலைமயிர் வெட்டி இஹ்ராமைக் களைந்ததும் நான் முதலில் தேடியது இரண்டு பெனியனையும்தான். ஊருக்கு வந்த பிறகு சிலாபத்திலிருந்து தொலைபேசி வந்தது, புதுத் திகதி வேண்டுமா என்று. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முன்பு உம்ராவுக்காக என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது அதுவும் இல்லை. யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு பின்னேரம், பேரீச்சம்பழங்களைச் சொந்தக்காரருக்குக் கொடுக்கப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த உம்மாவின் பக்கத்தில் போய் இருந்தேன். வைத்தியர், சத்திரசிகிச்சை, பெனியன், நாலு வருடம் சொன்ன சாக்குகள், எல்லாவற்றையும் சொன்னேன். செய்வதா, விடுவதா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். உம்மா கையிலிருந்த பையை முடிச்சுப் போட்டு வைத்தார்.

‘இதுக்காகவா மகன்? நான் நொண்டி நொண்டி வந்தா ஒங்களுக்கு வெக்கமெண்டு, அதாலதான் என்னக் கூட்டிப் போறீங்க இல்லயெண்டு நாலு வருஷமா நெனச்சிக்கொண்டு இருந்தன்’ என்றார்.

அன்று சத்திரசிகிச்சையைப் பற்றி அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.