பீரோவுக்குள் கேப்டனின் மாத்திரை

இங்கிலாந்தின் இந்த ஹல் துறைமுக நகரில் என் காலை வேலை, ஒரு நாய்க்குச் சீஸ் ஊட்டுவது. உள்ளே ஒளிந்திருக்கும் மாத்திரை தெரியாமல் ரஸ்டி அதை விழுங்க வேண்டும். நாய் என் வீட்டுக்கார அம்மாளுடையது. நான் காய்ச்சலில் கிடந்தபோது எனக்கு யாரும் சீஸ் ஊட்டவில்லை.

ரஸ்டியின் மூக்கில் கொப்புளம் வந்து பொருக்குத் தட்டியபோது, "சொறிதான், கழிவு ஆயில் தடவுங்கள்" என்றேன். அம்மாள் என்னைக் கொலைகாரனைப்போலப் பார்த்தார். நாங்கள் ரஸ்டியைக் கூட்டிப்போன கால்நடை மருத்துவர் தோலில் துளி வெட்டிச் சோதித்தார். சொறியில்லையாம், உடம்பே தன் தோலை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறதாம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, புண் ஆறியதும் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தவே கூடாது. அந்நியன் என்றதும் நான் சட்டைப்பையில் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தூத்துக்குடியில் அக்காவிடம் நான் விட்டுவந்த என் நாய் கேப்டனுக்கும் அதே மூக்கு, அதே பொருக்கு. லாஞ்சுப் படகின் கழிவு ஆயிலை அவன்மேல் பூசிய மேதை நான்தான். "என் நாய்க்கும் இப்படித்தான்" என்றேன். "வியாழக்கிழமை கூட்டி வாருங்கள்" என்றார் மருத்துவர். வியாழனுக்குள் கப்பல் சூயஸைக்கூடத் தாண்டாது என்று விளக்கி, விவரத்தை எழுதி வாங்கி அக்காவுக்கு அனுப்பினேன். ஊர்க் கால்நடை டாக்டரும் கேப்டனைப் பார்த்துவிட்டு, அதே நோய்தான், மாத்திரை ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கும் என்றாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. சீமையிலிருக்கும் தம்பி சீமை மாத்திரை அனுப்பாவிட்டால் எப்படி? ஊருக்குப் போன கப்பல்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். மூக்கு ஆறிவிட்டதென்று அக்கா கடிதம் போட்டாள்.

விடுமுறையில் போனபோது வாசலில் சங்கிலி மட்டும் கிடந்தது.

"யக்கா, கேப்டன எங்க?"

"போன மாசமே போயிட்டாம்லே. உடம்பெல்லாம் புண்ணு. தண்ணிகூடக் குடிக்கல."

"மாத்திரை?"

அக்கா பீரோவைத் திறந்தாள். "பத்திரமா இருக்குலே! புண்ணு ஆறினதும் நிப்பாட்டி எடுத்து வச்சிட்டேன். மறுபடி வந்தப்ப நீ தடவுத ஆயிலத்தான் தடவினேன். சீமை மாத்திரைய சும்மா தீக்கலாமா? ரொம்ப முடியாமப் போனா கொடுக்கலாம்னு இருந்தேன்."

மாத்திரைப் புட்டிக்குப் பக்கத்தில் நான் மூன்று வருஷமாக அனுப்பிய சோப்புகளும் சென்ட் புட்டிகளும் உறை பிரிக்காமல் நின்றன. ஊர்க் கடை மாத்திரையென்றால் அவள் கணக்குப் பார்க்காமல் கொடுத்திருப்பாள். கேப்டனைக் கொன்றது என் பெருமைதான்.

மத்தியானம் விருந்தாளிகளுக்கு எடுக்கும் பீங்கான் தட்டில் எனக்குச் சோறு வைத்தாள். சின்ன வயதிலிருந்து நான் தின்ற விளிம்பு நசுங்கிய தட்டைத் தேடினேன். நான் போன பிறகு அதைக் கேப்டனுக்குக் கொடுத்துவிட்டாளாம். வாசலில், சங்கிலிக்குப் பக்கத்தில், அது கவிழ்ந்து கிடந்தது.