சொட்டு நின்ற தொட்டி

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய உறவினர் ஒருவர்தான் செய்தி கொண்டுவந்தார். "மெக்கானிக் அர்த்தநாரி போயிட்டாருங்க. மூணு நாள் காய்ச்சல்தான்." எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அடையாளமும் சொன்னார். "அதானுங்க, உங்க ஊட்டுத் தொட்டிய வெடிக்க உட்டவரு." அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுவது அதனால்தான். தொட்டியை அவர் வெடிக்க விடவில்லை.

மேட்டூர் மின்சாரம் வந்த புதிதில் அப்பா எங்கள் கிணற்றில் மோட்டார் வைத்து, சமையலறையை ஒட்டிய அறையில் ஆளுயர இரும்புத் தொட்டி ஒன்றை நிறுத்தினார். மூடிய தொட்டி. கீழே தண்ணீர், மேலே காற்று. அந்தக் காற்று நெருக்குவதால்தான் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். சில மாதங்களில், ஒரு செம்பு தண்ணீர் பிடித்தால்கூட மோட்டார் ஓடி ஓடி நின்றது. அழுத்தம் காட்டும் கேஜின் முள் துள்ளியது. அர்த்தநாரி அண்ணன் வந்து எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. விரல் கணுவால் தொட்டியை மேலிருந்து கீழ்வரை தட்டினார். "எங்க தட்டினாலும் ஒரே சத்தமுங்க. காத்து பூராத் தண்ணியில கரைஞ்சு போச்சு." மோட்டாரை நிறுத்தி, தொட்டியை அடிவரை வடித்து, காற்றுப் புகவிட்டு, மறுபடி ஓட்டினார். இப்போது மேல்பாதி வெண்கலக் குடம் மாதிரி ஒலித்தது.

"மாசம் ஒருக்கா இப்படி வடிச்சு உடுங்க. இல்லீனா அடிக்கடி ஓடி நின்னு, மோட்டார நிறுத்துற சுச்சு தீஞ்சு ஒட்டிக்கும், அப்புறம் மோட்டாரு நிக்காது" என்றார். உச்சியிலிருந்த பித்தளை வால்வைக் காட்டி, "அழுத்தம் மிஞ்சினா இது சொட்டும். சொட்டினா என்னையக் கூப்பிடுங்க. கை மட்டும் வெச்சுராதீங்க" என்றார். எதையும் அதட்டிச் சொல்லத் தெரியாதவர். அதனாலேயே நாங்கள் அலட்சியமாக இருந்தோம்.

தங்கை கல்யாணம் வந்தது. வடிக்கும் வேலையை மூன்று மாதமாக யாரும் நினைக்கவில்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலை வால்வு சொட்டத் தொடங்கியது. அம்மாவின் முகம் இருண்டது. "கலியாண ஊட்டுல தண்ணி சொட்டக் கூடாது சாமி. லட்சுமி வெளிய போற மாதிரி. நிறுத்து." நான் வேப்பங்குச்சியை ஆப்பாகச் செதுக்கி, தேங்காய் நார் சுற்றி, வால்வின் வாயில் அடித்து இறுக்கினேன். சொட்டு நின்றது. அம்மா அதற்குக் குங்குமம்கூட வைத்தாள். மோட்டார் மட்டும் நிற்கவில்லை. மேளச் சத்தத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானப் பந்தி முடிந்து குழாய்களையெல்லாம் மூடியாயிற்று. கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டு எழுந்த அர்த்தநாரி அண்ணன் கை கழுவாமல் அப்படியே நின்றார். "மோட்டாரு எத்தன நேரமா ஓடுதுங்க?" யாருக்கும் தெரியவில்லை. உள்ளே போனார், பின்னாலேயே நானும் போனேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கடைசியில் முட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள்ளிருந்து மெல்லிய முனகல் கேட்டது. மோட்டாரை அணைத்தார். சமையலறைப் பெண்களிடம், "பொண்ணு கூப்பிடுதுங்க, எல்லாரும் பந்தலுக்குப் போங்க" என்று பதற்றமே இல்லாமல் சொன்னார். பிறகு ஆப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களும் போங்க." நான் வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். தொட்டியின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறக்க அவர் குனிந்தபோது தொட்டி பிளந்தது. சுவர் விழுந்தது. அவருக்கு வலது காது போயிற்று, இரண்டு விரல்களும் போயின. வேறு ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

ரத்தம் வடிய வெளியே வந்தவரிடம் அப்பா கூட்டத்தின் நடுவே கேட்டார். "உன்ர வேலை இவ்வளவுதானா?" அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பின் ராசிபுரம்வரை எந்த வீட்டிலும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஒரு வருஷம் கழித்து இளம்பிள்ளை என்ற ஊரில் அவரைப் பார்த்தேன். சாயப் பட்டறைக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியும் ஊருக்குத் திரும்பிச் சொல்லவில்லை. அப்பா இருக்கிறாரே, அம்மா வருந்துவாளே என்று நாளைக் கடத்தினேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ‘நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க’ என்ற அந்த ஒரு வார்த்தைதான். ஆப்பை அடித்தவன் நான். இதை எழுதுவதற்கு முன் அவர் மனைவியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் சொன்னார்:

"இத அவரு இருக்கறப்பச் சொல்லியிருந்தா, அந்த ஒத்தக் காதுலயாவது உழுந்திருக்குமுங்களே."